பாட்டிகள் அரசுக்கு வழங்கும் இலவசம்

அரசாங்கத்துக்குப் பாட்டிகளை ரொம்பப் பிடிக்கும். சம்பளம் கேட்காத, சங்கம் வைக்காத, பஞ்சப்படிக்குப் பந்தல் போட்டு உட்காராத, தீபாவளியன்றும் வேலைக்கு வருகிற ஊழியர் வேறெந்தத் துறையில் கிடைப்பார்? தாய் செத்தால் பாட்டி இருக்கிறாள். தகப்பன் ஓடிப்போனால் பாட்டி இருக்கிறாள். தகப்பன் ஜெயிலுக்கும் தாய் கண்காணாத ஊருக்கும் போய்விட்டால், அப்போதும் விடியற்காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பால் வாங்கப் போவதற்கு ஒரு பாட்டி இருக்கிறாள். பாட்டி இல்லாத வீட்டில் சித்தி, சித்தி இல்லாத வீட்டில் தாய்மாமன் பெண்டாட்டி, ஒருவருமே இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு அக்கா. இவர்களை நம்பித்தான் நம்முடைய குழந்தைகள் நலத்துறை ராத்திரியில் நிம்மதியாகத் தூங்குகிறது.

மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று தமிழ்நாட்டு இலவசங்களை டில்லித் தொலைக்காட்சிகள் சளைக்காமல் கேலி செய்து வருகின்றன. அரசு ஜனங்களுக்குக் கொடுத்ததற்குக் கணக்கு இருக்கிறது. ஜனங்கள் அரசுக்குக் கொடுக்கிற இலவசத்துக்கு எந்தத் தணிக்கை அறிக்கையிலும் ஒரு வரிகூடக் கிடையாது. ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ள கட்டடம் வேண்டும், கண்காணிப்பாளர் வேண்டும், சமையல்காரர், காவலாளி, ஆற்றுப்படுத்துநர், பதிவேடு, பதிவேட்டைப் பார்க்க ஒரு மேலதிகாரி எல்லாம் வேண்டும். இத்தனை பேர் வேலையையும் ஒரு தகரக் கொட்டகையில் ஒற்றை ஆளாகச் செய்துமுடிக்கிற கிழவியிடம் அரசு கேட்கிற முதல் கேள்வி: "நீங்க யாரும்மா இந்தப் பிள்ளைக்கு?"

நியாயமான கேள்விதான். சட்டத்துக்கே அது சரியாகத் தெரியவில்லை.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தைப் புரட்டுங்கள். வளர்ப்புப் பராமரிப்பு என்றால் என்ன என்று 2ஆம் பிரிவு சொல்கிறது: பிள்ளையின் சொந்தக் குடும்பம் அல்லாத, தேர்ந்தெடுத்து, தகுதி பார்த்து, ஒப்புதல் கொடுத்த இன்னொரு குடும்பத்தில் பிள்ளையை வைப்பது. சரி, பாட்டி அவுட். 44ஆம் பிரிவுக்கு வந்தால், பெற்றவர்களோ தத்தெடுத்தவர்களோ இல்லாத குடும்பத்திலும் வைக்கலாம், உறவே இல்லாத குடும்பத்திலும் வைக்கலாம் என்கிறது. அப்படியானால் பாட்டி மறுபடி உள்ளே வந்துவிட்டாளா? வக்கீலைக் கேட்க வேண்டும். அடுத்த பிரிவில், அனாதைப் பிள்ளை சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் அதற்கு நிதி ஆதரவு தரலாம் என்று வருகிறது. இந்த இடத்தில் பாட்டி பிள்ளை வளர்ப்பவள் இல்லை. உதவி கேட்டுக் கை நீட்டி நிற்பவள்.

இதே சட்டம் தத்தெடுப்புக்கென்று உறவினர் பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறது. அப்பாவோடு பிறந்தவர்கள், அம்மாவோடு பிறந்தவர்கள், இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகள். அவ்வளவுதான். கூடப்பிறந்த அக்கா அதில் இல்லை. பெற்றோர் போனபின் படிப்பை நிறுத்திவிட்டு ஸ்பின்னிங் மில்லுக்குப் போய், தம்பியைப் பட்டப்படிப்பு வரைக்கும் கொண்டுவந்து, தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே நிற்கிற அக்காமார்கள் இந்த நாட்டில் ஊருக்கு ஒருத்தி இருப்பார்கள். அப்படி ஒரு அக்காவைப் பற்றிப் படம் எடுத்தால் நூறு நாள் ஓடும். அந்த அக்காவே மனுவைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவள்தான் நூறு நாள் ஓட வேண்டும்.

இந்த அக்கா விவகாரம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்த பிள்ளைகளை இல்லினாய்ஸ் மாநில அரசு கல்யாணமான மூத்த அக்காவின் வீட்டில் கொண்டுபோய் விட்டது. அயலார் வளர்த்தால் கொடுக்கிற தொகையை மட்டும் அக்காவுக்குக் கொடுக்க மாட்டேன் என்றது. சொந்தம்தானே, சும்மா வளர்க்கட்டும்! தகுதியுள்ள வீடாக இருந்தால் சொந்தக்காரர் என்ற காரணத்துக்காகத் தொகையை மறுக்கக் கூடாது என்று 1979இல் நீதிமன்றம் மாநில அரசின் மண்டையில் குட்டியது. அங்கேயும் அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. முறைப்படி உரிமம் கொடுக்காமல், 'பாட்டி வீட்டில் இருக்கட்டுமே' என்று பேசி விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கிற வித்தை இன்றைக்கும் நடக்கிறது. இந்த விஷயத்தில் வல்லரசும் நம்ம ஊர் வட்டாட்சியர் அலுவலகமும் பங்காளிகள்.

சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைப் பக்கம் வாருங்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்னாலும் ஆலைகள் வெடித்தன, பின்னாலும் வெடிக்கின்றன. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ஆலைக்கு வேலைக்குப் போவது அங்கே சகஜம். சத்தம் கேட்டதும் ஊரே ஆலையைப் பார்த்து ஓடும். பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிவர யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூட வாசலில் போய் நிற்கிறவள், உடம்பு சரியில்லை என்று அன்றைக்கு வேலைக்குப் போகாத ஒருத்தியாக இருப்பாள். செத்துப்போனவளோடு ஒரே அறையில் உட்கார்ந்து திரி வைத்தவள், ஒரே வேனில் போய் வந்தவள், அவள் பிள்ளைக்குத் தன் பிள்ளையோடு சேர்த்து ஊட்டிவிட்டவள். பிள்ளைகள் அவளைச் சித்தி என்று கூப்பிடும். ரத்த சம்பந்தம் ஒரு சொட்டு இருக்காது. சில வீடுகளில் சாதியும் வேறாக இருக்கும்.

அன்றைக்கு ராத்திரி அந்தச் சித்தி பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சட்டப்படி ஒரு கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. சொந்தம் யாரும் இல்லாத அனாதைப் பிள்ளையைக் கையில் வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் உதவி எண் 1098க்கோ போலீசுக்கோ குழந்தைகள் நலக் குழுவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிள்ளை விற்பனை நடக்கிற தேசத்தில் இந்த விதி கட்டாயம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டியது யார்? ஆலை வாசலில் வந்து நின்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த இத்தனை பேரில் ஒருவர்கூட, பிள்ளைகள் இப்போது எங்கே தூங்குகின்றன என்று கேட்கவில்லையே.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டம் கனவு காணும் வளர்ப்புத்தாய் சாட்சாத் இவள்தான். உறவு கிடையாது, சொத்தில் பங்கு கிடையாது, பிள்ளைக்கு இவளைத் தெரியும், இவளுக்குப் பிள்ளையைத் தெரியும். 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட புதிய வழிகாட்டுதல்படி தனியாக இருக்கும் பெண்ணும் வளர்ப்புப் பராமரிப்புக்கு விண்ணப்பிக்கலாம். இவளும் தனியாக இருப்பவள்தானே, விண்ணப்பிக்கட்டும். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். நம்ம சித்திக்கு 31. நாலு வருஷம் பொறுத்து அனாதையாகும்படி பிள்ளைகளிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.

சொந்தக்காரர்கள் புனிதர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு எட்டு போய்ப் பாருங்கள். நிவாரணத் தொகை அறிவிப்பு வந்திருந்தால் அன்றைக்குப் பந்தலில் பெரியப்பாக்களுக்குப் பஞ்சமே இருக்காது. பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை, "எங்க அண்ணன் ரத்தம், நாந்தான் வளப்பேன்" என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு அழுவாள். பணம் பிள்ளையின் பேரில் 18 வயது வரைக்கும் வைப்பாக இருக்கும், யாரும் தொட முடியாது என்று விஏஓ வந்து சொல்லட்டும். பிள்ளை இடுப்பிலிருந்து இறங்கிவிடும். "எங்க வீட்டுக்காரருக்குச் சுகர், எனக்கே முடியல" என்று சாயங்கால பஸ்ஸில் அத்தை ஏறிவிடுவாள். பந்தல் பிரித்த இடத்தில் கடைசியில் நிற்பது அம்மாச்சியும் இரண்டு பிள்ளைகளும்தான். சில வீட்டில் பெரியப்பா கூட்டிப்போவதும் உண்டு; ஆடு மேய்க்க ஆள் தேவைப்பட்டிருக்கும். பெண்பிள்ளை என்றால் தாய்மாமன் கூட்டிப்போவான். பதினாறு வயதில் அவனே கட்டிக்கொள்வான்.

ஆகவே சொந்தக்கார வீட்டிலும் யாராவது எட்டிப் பார்க்கத்தான் வேண்டும். பிள்ளை சாப்பிடுகிறதா, பள்ளிக்கூடம் போகிறதா, முதுகில் தழும்பு இருக்கிறதா, ராத்திரி எங்கே படுக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசு பார்ப்பது என்ன? பிள்ளையின் முதுகை அல்ல, பாட்டியின் மடியை. கிராமத்தில் வருஷ வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, நகரத்தில் 96,000. மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் வாங்குவதற்கு இதுதான் தலையாய தகுதி. அன்பாக வளர்க்கிறாளா என்பது பிறகு. ஏழையாக வளர்க்கிறாளா என்பது முதலில்.

2025-26ஆம் ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குத் தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாகக் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம், சிரிக்காதீர்கள்: 33,600. முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 வீதம் வருஷத்துக்கு 14,400. பட்டாசுக்குக் காகிதக் குழல் உருட்டி மாதம் ஒரு இரண்டாயிரம், வருஷத்துக்கு 24,000. கூட்டினால் சரியாக 72,000. அம்மாச்சி இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் குழல் உருட்டினால் அவள் அரசின் கண்ணில் வசதி படைத்தவள். பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்க நினைக்கிற பாட்டிகள் இந்த எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொண்டு உழைப்பது நல்லது.

சரி, எவ்வளவுதான் கிடைக்கும்? அது உங்கள் தாய் தகப்பன் எப்படிச் செத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

கொரோனாவில் செத்திருந்தால் நல்லது. 2022 ஜனவரியில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, 2020 ஏப்ரலிலிருந்து அதுவரை தாயையோ தகப்பனையோ இருவரையுமோ கொரோனாவிலோ வேறு காரணத்தாலோ இழந்த பிள்ளைகள் நாடு முழுக்க ஏறக்குறைய 1.47 லட்சம் பேர். கொரோனாவுக்கு இருவரையும் பறிகொடுத்த பிள்ளைக்குத் தமிழ்நாடு அரசு 5 லட்சம் வைப்புத்தொகை அறிவித்தது. சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்தால் 18 வயது வரை மாதம் 3,000. டில்லி தன் பங்குக்கு 23 வயதில் பத்து லட்சம் என்றது. கள்ளச்சாராயத்தில் செத்திருந்தால் இன்னும் நல்லது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு அறிவித்தது மாதம் 5,000. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததைக் குறை சொல்கிறவன் மனுஷனே இல்லை, கொடுக்கத்தான் வேண்டும். என் கேள்வி வேறு. தாய் மஞ்சள்காமாலையில் செத்து, தகப்பன் லாரியில் அடிபட்டுச் செத்த பிள்ளைக்கு என்ன? அதற்கு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் இருக்கிறது, மாதம் 2,000.

ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. ஒரு பிள்ளைக்கு 5,000, பக்கத்துப் பிள்ளைக்கு 3,000, அதற்கடுத்த பிள்ளைக்கு 2,000, வாத்சல்யாவில் இடம் கிடைத்த பிள்ளைக்கு 4,000. இட்லிக்கு ஒரே விலை, நோட்டுக்கு ஒரே விலை, காய்ச்சல் மருந்துக்கு ஒரே விலை. அனாதைக்கு மட்டும் நான்கு விலை. எந்தச் சாவு தொலைக்காட்சியில் எத்தனை நாள் ஓடியது என்பதை வைத்துத்தான் இந்த விலை விழுந்திருக்க வேண்டும். வேறு காரணம் எனக்குத் தென்படவில்லை. ஓசையில்லாமல் வீட்டுத் திண்ணையில் செத்துப்போனவர்கள் பிள்ளைகளுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள்.

இந்த விலையை வாங்குவதும் லேசில்லை. ஒரு திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள், எந்த மாவட்டமாக இருந்தாலும் ஒன்றுதான். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு அம்மாச்சி, கையில் ஒரு மஞ்சள் பை, பையைப் பிடித்தபடி ஏழெட்டு வயதுப் பேத்தி. பைக்குள்ளே இரண்டு இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்தில் வாங்கிய படிப்புச் சான்று, எல்லாமே பாலிதீன் உறையில். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்திருந்தார். பேத்தியின் பேரில் கூட்டுக் கணக்குத் தொடங்க வேண்டும், அதற்கு ஒரு மேசையில் உதவி செய்கிறார்கள். முதலில் ரேகை. பசையிலும் காகிதத்திலும் நாற்பது வருஷம் தேய்ந்த விரல். கருவியில் பத்துத் தடவை வைத்தும் விழவில்லை. பாவாடையில் துடைத்து வை, எண்ணெய் தடவி வை, இந்த விரலை வை என்று மேசைக்குப் பின்னாலிருந்து யோசனைகள் வந்தன. அப்புறம் பிள்ளையின் முறை.

"பாப்பா ஆதாருக்கு ஓடிபி வரும். வந்ததும் சொல்லுங்க."

"எங்கய்யா வரும்?"

"ஆதார்ல குடுத்த நம்பருக்குத்தான்."

"அது எம் மக நம்பரு சாமி."

"அப்ப மகளுக்குப் போன் போட்டுக் கேளுங்க பாட்டி."

அந்தப் பையன் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. காலையிலிருந்து இருநூறு பேரைப் பார்த்திருப்பான். இறப்புச் சான்று இரண்டும் அவன் முழங்கைக்கு அடியில்தான் இருந்தன. அம்மாச்சி அவனுக்குப் பதில் சொல்லவில்லை. பேத்திதான், "எங்கம்மா போனு எரிஞ்சிருச்சு அண்ணே" என்றது. அதற்குப் பிறகு ஆதார் மையம், அங்கே வேறொரு வரிசை, வேறொரு நாள்.

இத்தனையும் கடந்து ஒரு நாள் உதவித்தொகை ஆணை கிடைக்கிறது. அதற்கு மேடை. பின்னால் அகலமான பதாகை, அதில் சிரித்த முகங்கள். பிள்ளையின் உயரத்துக்கு ஒரு அட்டைக் காசோலை. அதை ஒரு முனையில் பிரமுகரும் மறுமுனையில் பிள்ளையும் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்க வேண்டும். "சிரி பாப்பா" என்று கீழேயிருந்து குரல். மறுநாள் செய்தித்தாளில் பிள்ளையின் முகம், பெயர், ஊர், படிக்கிற பள்ளிக்கூடம், பெற்றோர் செத்த விதம் எல்லாம் வந்துவிடும். குழந்தைகள் நலக் குழுவின் முன் வந்த பிள்ளையின் படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது, மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் என்று அதே இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு சொல்கிறது. ராத்திரியில் சோறு போட்ட சித்திக்கு ஒரு ஆறு மாதம் வைத்திருக்கிற சட்டம், பட்டப்பகலில் படம் பிடித்தவர்களுக்கும் ஒரு ஆறு மாதம் வைத்திருக்கிறது. இந்த இரண்டாவது ஆறு மாதத்தை மேடையில் இருந்த ஒருவராவது படித்திருப்பாரா?

பணம் வந்த பிறகும் மாதாமாதம் வரும் என்று எண்ண வேண்டாம். வாத்சல்யா நிதி ஒதுக்கீட்டில் ஒன்றியத்துக்கு 60 பங்கு, மாநிலத்துக்கு 40 பங்கு. அங்கிருந்து வரவில்லை என்று இங்கே சொல்வார்கள், இங்கிருந்து கணக்கு வரவில்லை என்று அங்கே சொல்வார்கள். நடுவில் பிள்ளைக்குப் பசிக்கும். மளிகைக் கடைக்காரரிடம் போய், "ஒன்றிய அரசின் 60 விழுக்காடு இன்னும் வரவில்லை, பருப்பை மட்டும் 40 விழுக்காடு கொடுங்கள்" என்று அம்மாச்சி கேட்டுப் பார்க்கலாம்.

பிள்ளையை இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் உறவுக்காரர்களைத் தேடுங்கள் என்று 2009இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. இதையெல்லாம் கருத்தரங்குகளில் ஏசி அறையில் உட்கார்ந்து ஒப்பிப்பவர்களுக்குக் குறைவில்லை. குடும்பமே கோயில், நமது பண்பாடு, கூட்டுக் குடும்பம், பாட்டி கதை, நிலாச்சோறு என்று ஒருவர் கண்கலங்கப் பேசினார். அந்தப் பாட்டிக்குக் கண் புரை அறுவைக்குப் போகும் நாளில் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டேன். மதிய உணவுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

அறுபத்தெட்டு வயதில் ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் வாங்குகிறவள், அந்தப் பிள்ளை பதினெட்டைத் தொடும்போது எண்பதில் இருப்பாள். தான் செத்தால் என்ன ஆகும் என்பதுதான் அவள் தூக்கத்தைக் கெடுக்கிற ஒரே கேள்வி. அதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. அவள் உயிரோடு இருக்கும்போதே, அந்த 31 வயதுச் சித்தியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எனக்குப் பிறகு இவள் என்று ஒரு தாளில் எழுதி வாங்கி, குழு முன்னால் ஒரு ஆணை போட்டு, இரண்டு பேருக்கும் மாதாமாதம் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சமூகப் பணியாளர் வந்து பிள்ளையோடு பத்து நிமிஷம் தனியாகப் பேசிவிட்டுப் போனால் அரசு கவிழ்ந்துவிடாது. செலவு அந்தப் பதாகைக்கும் மேடைக்கும் ஆனதை விடக் குறைவாகத்தான் இருக்கும். என்ன, அதில் போட்டோ எடுக்க முடியாது.

அதுவரைக்கும், காலை ஏழு மணி ஆலை வேனுக்கு நிற்கிற தாய்மார்களுக்கு என்னால் ஆன யோசனைகளைச் சொல்லிவைக்கிறேன். பிள்ளையின் ஆதாரில் உங்கள் போன் நம்பரை எடுத்துவிட்டு அம்மாச்சி நம்பரைப் போடுங்கள்; அம்மாச்சியிடம் போன் இல்லையென்றால் இந்த வாரக் கூலியில் ஒன்று வாங்குங்கள். அவள் விரலில் ரேகை கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே கூட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து திரி வைக்கிறவளுக்கு 35 ஆகிவிட்டதா என்று கேட்டு வையுங்கள். எந்தச் சாவுக்கு என்ன விலை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விலை அடிக்கடி மாறும். வேன் ஏறும்போது மறக்காமல் அம்மாச்சியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்: என்ன கஷ்டம் வந்தாலும் 72,000-க்கு மேலே ஒரு ரூபாய் சம்பாதித்துவிட வேண்டாம்.